மூணு மணிக்குப் போற நெட்டு

இல்லைங்க தம்பி, புது ரவுட்டர் வேணாம். அதை உள்ள வைங்க. நாலு மாசத்துல மூணு ரவுட்டர் பாத்துட்டேன். கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, இப்ப இருக்கிறது நாலு கொம்பை நீட்டிக்கிட்டு மல்லாந்து விழுந்த பூச்சி மாதிரி இருக்கு. மூணுமே நல்ல ரவுட்டர்தான். அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல. பாவம், ரெண்டை நானே வாய்க்கு வந்தபடி திட்டித் திருப்பி அனுப்பிட்டேன்.

எனக்கு வேண்டியது வேற சாமான். பேரு வாயில நுழையல, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தப் பைக்குள்ளதான் எங்கயோ... இருங்க. கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, இது என்ன, போன மாசத்து பஸ் டிக்கெட்டு... கெடைக்கும், கெடைக்கும். நீங்க அதுக்குள்ள அந்தம்மாவுக்கு பல்பு எடுத்துக் குடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இந்த ஸ்டூல்ல உட்காரலாம்தானே?

என்ன பிரச்சனைன்னா கேக்கறீங்க? நெட்டு கட்டாகுதுங்க. தினமும். அதுவும் சும்மா இல்ல, ஆபீஸ் வர்ற ஆளு மாதிரி டயத்துக்கு. சரியா மூணு மணி அஞ்சு நிமிஷம். ரவுட்டர்ல பச்சை லைட்டு செவப்பாகும். ரெண்டு நிமிஷம் முழிக்கும், மறுபடி பச்சை ஆகும், அப்பாடான்னு நாம மூச்சு விடறதுக்குள்ள மறுபடி செவப்பு. இப்படியே அரை மணி நேரம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ராத்திரி வரைக்கும் ஜம்முனு ஓடும்.

ஆமா, டெலிபோன் கம்பியில வர்ற நெட்டுதான். கட்டடம் பழசு, எங்க தெருவுக்கு இன்னும் அந்தப் புது மாதிரி கேபிள் வரல. வரும் வரும்னு ரெண்டு தடவை தெருவைத் தோண்டி மூடினாங்க. அவ்வளவுதான்.

மத்தவங்கன்னா அரை மணி நேரம்தானே, போனாப் போகுதுன்னு விட்டுடலாம். என் பொழப்பே அதுலதான் தம்பி. நான் வீட்லருந்தே வேலை பாக்கறவ. வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வர்ற புகார் ஃபோனை எடுக்கறது. காதுல பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா, மெஷின் சுத்தலை, தண்ணி எறங்கலை, கதவு தொறக்கலை, உள்ள பூனை இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு... சிரிக்காதீங்க, நெசமா அப்படி ஒருத்தர் பேசினாரு. பூனை கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் அங்க பாருங்கன்னு சொன்னேன்.

அந்த ஃபோனெல்லாம் நெட்டு வழியாத்தான் வருது. நெட்டு போச்சுன்னா பேசிக்கிட்டு இருக்கிறவங்க அந்தரத்துல நிப்பாங்க. ஒரு அம்மா, சமையல்கட்டு முழுக்கத் தண்ணி, கணுக்கால் வரைக்கும் நிக்குதுன்னு அழுவறாங்க. நான் சொல்றேன், பதறாதீங்கம்மா, முதல்ல நீங்க அந்த... அவ்வளவுதான், செவப்பு லைட்டு. எந்தக் குழாயை மூடணும்னு சொல்றதுக்குள்ள போயிடுச்சு. அந்தம்மா என்ன ஆனாங்களோ, இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு கேக்கல.

சொன்னேனே, சொல்லாம இருப்பேனா? நெட்டு கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்தா. மேடம், ரவுட்டரை ஆஃப் பண்ணுங்க, முப்பது செகண்டு கழிச்சு ஆன் பண்ணுங்கன்னா. அம்மாடி, இதே வசனத்தை நான் ஒரு நாளைக்கு அறுபது தடவை ஒப்பிக்கறவ, எனக்கேவான்னு கேட்டேன். அவ மெதுவா, ஆன்ட்டி, இதைச் செய்ய வெச்சாத்தான் கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கத்துக்குப் போக முடியும்னா. எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? ரெண்டு பேரும் சேந்தே முப்பது எண்ணினோம்.

அதுக்கப்புறம் ஆளு அனுப்பினாங்க. முதல்ல வந்தவரு பெரிய மீசைக்காரரு. காலையில பத்து மணிக்கு வந்தாரு. லைட்டு பச்சையா ஜொலிக்குது. நல்லாத்தானேம்மா இருக்குன்னாரு. மூணு மணிக்கு வந்து பாருங்கன்னேன். எங்க டியூட்டி ஒரு மணியோட முடியுதுன்னாரு. சும்மா போகக் கூடாதேன்னு வாசல்லருந்து உள்ள வரைக்கும் ஒயரையும், கூடவே ரவுட்டரையும் மாத்திட்டு, இனிமே பிரச்சனையே வராதுன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் மூணு அஞ்சு. டொப்.

ரெண்டாவது ஆளு வந்து ரவுட்டரை மறுபடி மாத்தி, ஜன்னல்லருந்து எடுத்து அலமாரி மேல வெச்சாரு. நிலைக்கண்ணாடி பக்கத்துல இருந்தா சிக்னல் சிதறும்னு வேற சொன்னாரு. அதையும் நம்பி கண்ணாடியைக் கழட்டிப் பரண்ல போட்டேன். ஒரு மாசம் குத்துமதிப்பாத்தான் தலை வாரினேன். கடைசியில பாத்தா அது வைஃபைக்குச் சொல்ற யோசனையாம், எனக்குப் போறது வைஃபையே இல்லையாம், கம்பியில வர்ற லைனாம்.

இதுல என்ன வேடிக்கைன்னா, எனக்கு லீவு நாள்ல நெட்டு போறதில்ல. நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சேன். திங்கள் மூணு அஞ்சு, செவ்வாய் மூணு நாலு, புதன் எனக்கு லீவு, அன்னைக்கு நாள் பூரா பச்சை. வியாழன் மறுபடி மூணு ஆறு. இதைக் கொண்டுபோய் எங்க மேலாளரம்மாகிட்ட காட்டினேன். என் வெகுளித்தனத்தைப் பாருங்க. அந்தம்மா நோட்டைப் புரட்டிப் பாத்துட்டுச் சொல்றாங்க, ஏம்மா, நீங்க வேலை செய்யற நாள்ல மட்டும் மத்தியானம் அரை மணி நேரம் உங்க நெட்டுக்குத் தூக்கம் வருதான்னு. என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியறதுக்கே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. நானே ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போடறேனாம்!

ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாச்சு. மூணாவது வந்தா வீட்லருந்து வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்து உட்காருங்கன்னுட்டாங்க. ஆபீசுன்னா ரெண்டு பஸ் மாறிப் போகணும். காலையில ஏழு மணிக்குக் கெளம்பினா ராத்திரி எட்டு. அது வரைக்கும் வீட்ல இவரு தனியா இருப்பாரே.

எங்க வீட்டுக்காரருங்க. பள்ளிக்கூடத்துல முப்பத்தொரு வருஷம் டிரில் மாஸ்டர். அவரு விசில் ஊதினா கிரவுண்டுல பசங்க மட்டுமில்ல, ஓரமா போற நாயே நின்னு திரும்பிப் பாக்கும். கல்யாணமான புதுசுல கடைத்தெருவுக்குப் போனா எங்கிட்டயே, நடையைப் போடு, கையை வீசுன்னுவாரு. அப்படி இருந்த மனுஷன். எட்டு மாசம் முன்னாடி ஒரு நாள் காலையில பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. பக்கவாதம். புண்ணியத்துக்குப் பேச்சு நல்லா வந்துடுச்சு, கையும் முக்கால்வாசி வந்துடுச்சு. இந்த எடது கால்தான். இழுக்கும், சொன்ன பேச்சு கேக்காது. படுக்கையிலருந்து பாத்ரூமுக்கு செவுத்தைப் புடிச்சிக்கிட்டுப் போவாரு, திரும்பி வருவாரு, நாற்காலியில உட்காருவாரு. காலைப் பத்தி வாயைத் தொறந்தா டிவி சத்தத்தைக் கூட்டிடுவாரு. அவரு பக்கத்துல ஆளு வேணும்னுதானே நான் இந்த வீட்டு வேலையே கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

அதனால நெட்டுக் கம்பெனிக்கு மறுபடி ஃபோன் பண்ணி ஒரு ஆட்டம் ஆடினேன். மூணாவதா ஒரு பொண்ணை அனுப்பினாங்க. இடுப்புல ஸ்பேனர் பை, தோள்ல ஏணி. என் நோட்டை ஒரு பக்கம் விடாம படிச்சா. படிச்சிட்டு, ஆன்ட்டி, காலையில வந்து என்ன பிரயோஜனம், நான் நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்னா. அப்பவே எனக்கு அவளைப் புடிச்சிப் போச்சு. சொன்ன மாதிரி மறுநாள் ரெண்டே முக்காலுக்கே வந்துட்டா. இவருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு என் ரூம்ல வந்து உட்கார்ந்தா. ரெண்டு பேரும் அந்த லைட்டையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். மூணு அஞ்சு. பச்சை. மூணே கால். பச்சை. மூணரை. அந்தப் பாழாப் போற லைட்டு அப்படி ஒரு பச்சை! பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டும் வாயைத் தொறக்காத பொண்ணு மாதிரி சமத்தா இருக்கு. எனக்கு மானமே போச்சு. இவளும் நம்மளைப் பொய்க்காரின்னு நெனச்சிருப்பான்னு டீ போட்டுக் குடுத்தேன்.

அவ அப்படி நெனைக்கல. டீயைக் குடிச்சிட்டுச் சொன்னா, ஆன்ட்டி, ஒயரு சரி, ரவுட்டரு சரி, தெருப் பெட்டி வரைக்கும் லைனு சரி. இது வெளியிலருந்து வர்ற இரைச்சல். பக்கத்துல எங்கயோ ஒரு மோட்டாரோ, மட்டமான சார்ஜரோ ஓடுது. அது ஓடும்போது கரண்டு ஒயர் வழியா இரைச்சலைக் கக்குது, அது உங்க டெலிபோன் கம்பியில ஏறுது. பழைய ரேடியோ ஒண்ணு இருந்தா நீங்களே கண்டுபுடிக்கலாம். மீடியம் வேவ்ல ஸ்டேஷன் எதுவும் வராத எடத்துல முள்ளை வெச்சிக்கிட்டு, நெட்டு போற நேரத்துல நடங்க. எங்க ரொம்பக் கத்துதோ அங்கதான் ஆளு இருக்கான்னா.

நம்பவே முடியல இல்ல? எனக்கும் அப்படித்தான். ஆனா வேற வழி? கீழ வாட்ச்மேன்கிட்ட ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின ஒரு சின்ன ரேடியோ இருக்கு. கடன் கேட்டேன். எதுக்கும்மான்னாரு. திருடனைப் புடிக்கன்னேன். அவரு மூஞ்சியைப் பாக்கணுமே. வாட்ச்மேன்கிட்ட போய் அந்த மாதிரி பேசலாமா? அப்புறம் விளக்கிச் சொல்லிச் சமாதானம் பண்ணினேன்.

மறுநாள் மேலாளரம்மாகிட்ட அரை மணி நேரம் பர்மிஷன். இவரு சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தாரு. எழுப்ப வேணாம்னு நான் எதுவும் சொல்லிக்கல. வழக்கம் போல என் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தேன். மூணு அஞ்சு. செவப்பு! தம்பி, வாழ்க்கையில முதல் தடவையா அந்தச் செவப்பைப் பாத்து எனக்குச் சந்தோஷம். ரேடியோவைப் போட்டா கர்ர்ர்ருன்னு ஒரே இரைச்சல். செருப்புகூடப் போடாம வாசக்கதவை மெல்லத் தொறந்து வெளிய நழுவினேன்.

நேரா மேல் மாடிதான். எனக்கு அங்க ஒரு ஆளு மேல ரொம்ப நாளா சந்தேகம். தனியா இருக்கிற பையன், சினிமாவுக்குக் கம்ப்யூட்டர்ல பேயெல்லாம் வரையறவன். எப்பவும் ஜன்னலை மூடி, உள்ள நீல வெளிச்சம். ஒரு மாசமா அவனைப் படியில பாத்தா முறைச்சிட்டுப் போறேன், ஏன் முறைக்கறேன்னு அவனுக்கே தெரியாது. கதவைத் தட்டினேன். தொறந்தவன் மூஞ்சி முழுக்க வெள்ளையா ஏதோ களிம்பு! நான் ஒரு கத்து, அவன் ஒரு கத்து. முகம் பளிச்சுனு ஆகறதுக்குப் பூசினதாம். நான் விடுவேனா, என் நெட்டை என்னப்பா பண்றேன்னு ரேடியோவை நீட்டிக்கிட்டு அவன் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிட்டேன். ரேடியோ என்னடான்னா முனகிக்கிட்டுக் கெடக்கு. எங்க வீட்டு வாசல்ல கத்தினதுல பாதி கூட இல்ல. எனக்குக் கூச்சமா போச்சு. மன்னிச்சுக்கோப்பான்னு சொல்லி, இந்த மாதிரி விஷயம்னேன். அவனுக்கு ஒரே உற்சாகம். ஆன்ட்டி, நானும் வர்றேன்னு அந்த மூஞ்சியோடவே கூட எறங்கி வந்துட்டான்.

எங்க வீட்டைத் தாண்டிக் கீழ எறங்கினோம். அங்க கேக்கு செஞ்சு விக்கிற அக்கா. பெரிய மிக்ஸர் ஓடிக்கிட்டு இருக்கு. ரேடியோ கொஞ்சம் கத்திச்சு. புடிச்சிட்டோம்னு ரெண்டு பேரும் குதிச்சோம். அந்தக்கா பயந்து போய் மிக்ஸரை நிறுத்தினாங்க. நிறுத்தினா ரேடியோ கொஞ்சம் அடங்கிச்சு, ஆனா முழுசா நிக்கல. அடியில அந்தக் கர்ர்ர் ஓடிக்கிட்டேதான் இருக்கு. மேல ஏற ஏற ஜாஸ்தியாகுது. எங்க மாடி வந்ததும் அலறுது. அந்தப் பையன் ரேடியோவையும் பாத்தான், எங்க வீட்டுக் கதவையும் பாத்தான். ஆன்ட்டி, இது உங்க வீடுதான்னான்.

என் வீட்ல என்னப்பா ஓடப் போகுது, ஒரு கெழவரு தூங்கறாருன்னேன். சொல்லும்போதே எனக்குள்ள ஏதோ ஒண்ணு நின்னு போச்சு. நீ போய் மூஞ்சியைக் கழுவு, காய்ஞ்சு வெடிக்குதுன்னு அவனை மேல அனுப்பிட்டு, நான் மட்டும் உள்ள போனேன்.

படுக்கையில ஆளு இல்ல. பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு, பெட்டி படுக்கை போட்டு வைக்கிறது. அந்தக் கதவு சாத்தியிருக்கு. கதவுக்கு அடியில வெளிச்சம். கையில ரேடியோ அடிபட்ட மாதிரி கத்துது. டக்குனு அணைச்சேன். அணைச்சதும் உள்ள என்ன சத்தம்னு கேட்டுச்சு. ஊஊஊன்னு ஒரு மோட்டார். அதுக்கு மேல இவரு குரல். லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்... ரைட். டேய் லெஃப்ட்டு, பின்னாடி என்னடா தூங்கற? ரைட்டு எவ்வளவு சமத்தா வர்றான் பாரு. தூக்கு. தூக்குடா காலை. இழுத்துக்கிட்டு வந்தே, கிரவுண்டு முழுக்க மண்டி போட வெச்சிடுவேன்!

அவரு கால்கிட்டதான் தம்பி பேசறாரு. வேற யாருகிட்ட?

ட்ரெட்மில்லு. நடக்கற மெஷின். அதைப் பத்திச் சொல்லணும். ஆஸ்பத்திரியிலருந்து வந்த ரெண்டாவது மாசம் எங்க மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தாரு. நல்ல எண்ணத்துல குடுத்ததுதான். முதல் நாள் நாங்க எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டோம். நான், பொண்ணு, மாப்பிள்ளை, உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிறவரு, அந்தக் கேக்கு அக்கா வரைக்கும். இவரு கம்பியைப் புடிச்சிக்கிட்டுத் தடுமாறித் தடுமாறி ஒரு பத்து அடி வெச்சாரு. எங்களுக்கு ஆனந்தம் தாங்கல. கை தட்டிட்டோம். மாப்பிள்ளை வீடியோ எடுக்கிறாரு, எம்பொண்ணு, அப்பா சூப்பர்ப்பா, இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடின்னு கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றா. நானும்தான் சொன்னேன். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமா சொன்னேன்.

அவரு மெஷினை நிறுத்தினாரு. எறங்கினாரு. முப்பத்தொரு வருஷம் நான்தான்டி அடுத்தவனை ஓட வெச்சேன்னு மட்டும் சொன்னாரு. அதோட சரி. அப்புறம் அந்த ரூம் பக்கமே போகல. நானும் கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டேன், ஒரு வாரம் பேசாமகூட இருந்து பாத்தேன். ஒண்ணும் நடக்கல. அந்த மெஷின் மேல துணி காயப் போட ஆரம்பிச்சிட்டேன்.

அப்ப அவரு எப்ப நடக்கறாரு? நான் காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, ஊருல இருக்கிற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறப்ப. வீட்ல வேற ஆளு இருந்தா கிடையாது. நான் லீவுன்னா கிடையாது. அந்தப் பொண்ணு வந்து உட்கார்ந்த அன்னைக்குக் கிடையாது. இப்பப் புரியுதா, அந்த லைட்டு ஏன் அன்னைக்கு அவ்வளவு பச்சையா இருந்துச்சுன்னு?

நான் என்ன பண்ணினேனா? ஹால்ல தரையில உட்கார்ந்துட்டேன். தோள்ல கெடந்த துண்டை எடுத்து வாயில திணிச்சிக்கிட்டேன். சிரிச்சா கேட்டுடும், அழுதாலும் கேட்டுடும். லெஃப்ட், ரைட்டுன்னு அவரு முடிக்கிற வரைக்கும் அசையல. மெஷின் நின்னதும் எழுந்து ஓடிப்போய் என் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டேன். சாயங்காலம் அவரு குளிக்கப் போனப்ப அந்த ரூமுக்குள்ள போய்ப் பாத்தேன். துணியெல்லாம் நான் போட்ட மாதிரியே மெஷின் மேல கெடக்கு. எடுத்து வெச்சு நடந்துட்டு, திரும்ப அப்படியே காயப் போட்டிருக்காரு மனுஷன்!

கதவுக்குப் பின்னாடி செவுத்துல சாக்பீஸ்ல வரிசையா எழுதி வெச்சிருக்காரு. பள்ளிக்கூடத்துல மார்க்கு போடற கையெழுத்து. பன்னெண்டு அடி, இருவது, இருவது, முப்பத்தஞ்சு. நடுவுல ஒரு நாள் முட்டை, பக்கத்துல சோம்பேறின்னு எழுதியிருக்கு. அப்புறம் நூறு, நூத்தி நாப்பது. கீழ முப்பத்தி நாலுன்னு எழுதி வட்டம் போட்டு, அதுக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கு. இது என்னடா கணக்குன்னு எனக்கு ரெண்டு நாளா மண்டை காய்ஞ்சுது. காய்கறி வாங்கக் கீழ எறங்கறப்பத்தான் தோணிச்சு, எண்ணிக்கிட்டே எறங்கினேன். எங்க மாடியிலருந்து தெருவுக்கு முப்பத்தி நாலு படி. எட்டு மாசமா அவரு அந்தப் படியில கால் வெக்கல தம்பி.

அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. நேராச் சொல்லிட வேண்டியதுதானே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நடங்கன்னு. சொன்னா என்ன ஆகும்? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். நான் பாராட்டாம இருந்தாலும் என் மூஞ்சி கை தட்டிடும். மறுபடி எறங்கிடுவாரு. என் வேலை போனாப் போகட்டும், அந்த மெஷின் நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் காலையில எழுந்ததும், வேலை மட்டும் ஏன் போகணும்னு தோணிச்சு.

அதனால மேலாளரம்மாகிட்ட சாப்பாட்டு எடைவேளையை மூணு மணிக்கு மாத்திக் கேட்டேன். சந்தேகமாத்தான் பாத்தாங்க, ஆனா ரெண்டு வாரத்துக்குக் குடுத்தாங்க. இப்ப மூணு மணி ஆனா நான் என்ன பண்றேன் தெரியுமா? நெட்டும் இல்ல, ஃபோனும் இல்ல, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு மூடின கதவுக்குப் பின்னாடி சத்தமாப் பேசறேன். சொல்லுங்க சார், சுத்தலையா? ஒயர் மாட்டியிருக்கா சார்? கதவை நல்லா சாத்திட்டுப் பாருங்க சார்! எதிர்ல ஒருத்தரும் இல்ல. இல்லாத ஆளுக்கு இல்லாத மெஷினை ரிப்பேர் பாக்கறேன். நேத்து ஒருத்தருகிட்ட கோவமாகூடப் பேசினேன், அவரு ரொம்ப வம்பு பண்ணினாரு. நான் பேசறதை நிறுத்தினா அவரு நடக்கறதை நிறுத்திடுவாரே.

ஆனா வர்ற திங்கக்கெழமையிலருந்து அந்தச் சலுகை கிடையாது. மூணு மணிக்கு லைன்ல இருந்தே ஆகணும். அதான் அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். முதல்ல மூக்கை உறிஞ்சற சத்தம்தான் வந்துச்சு. அப்புறம்தான் இந்தச் சீட்டுல இருக்கிறதை எழுதிக்கச் சொன்னா. இதோ, கெடைச்சிடுச்சு பாருங்க! கண்ணாடிக் கூட்டுக்குள்ளயே இருந்திருக்கு. நாய்ஸ் ஃபில்டர், அதான் இரைச்சலை வடிகட்டறது, அது உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெஷின் மோட்டார் தாங்கற மாதிரி. அப்புறம் டெலிபோன் ஒயர்ல கவ்விப் புடிக்கிற கறுப்பு வளையம் ரெண்டு. இது ரெண்டும் போட்டா நூத்துக்குத் தொண்ணூறு சரியாயிடும்னா. அதுக்கும் அடங்கலைன்னா வேற வழி யோசிக்கலாம், நான் இருக்கேன் ஆன்ட்டின்னா.

ஒண்ணு கவனிச்சுக்கோங்க, பாக்ஸு வெள்ளையாத்தான் இருக்கணும். இப்ப அந்த நடக்கற மெஷினுக்கு மாட்டியிருக்கிறது வெள்ளை. ஃபோன்ல படம் புடிச்சு வெச்சிருக்கேன், பாருங்க. கூடுமான வரைக்கும் இதே மாதிரி, மேல லைட்டு கிட்டு எரியாம. வேற மாதிரி இருந்தா அவரு கண்டுபுடிச்சிடுவாரு. சட்டையில ஒரு பட்டன் மாறியிருந்தாலே வரிசையிலருந்து வெளிய நிறுத்தற ஆளு அவரு. வேணும்னா கொஞ்சம் அழுக்காக்கிக்கூட மாட்டிக்கறேன்.

இருக்கா? உள்ள தேடி எடுக்கணுமா? தேடுங்க, தேடுங்க, நிதானமா தேடுங்க. ஏணி போட்டு ஏறணும்னா பாத்து ஏறுங்க. நான் எங்கயும் போகல.

ஐயோ, அதெல்லாம் லேட்டாகுதேன்னு நீங்க கவலைப்படாதீங்க. இன்னைக்குப் புதன்கெழமை, எனக்கு லீவுதான். நான் வீட்ல இருந்தா அவரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாரு. அதனால இப்பல்லாம் லீவு நாள்ல மூணு மணிக்கு ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக் கெளம்பிடறது. போன வாரம் செருப்புக் கடையில பதினாலு ஜோடி போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் புடிக்கலைன்னு வந்துட்டேன். செவுத்துல இப்ப புதன்கெழமைக்கும் நம்பர் விழுது. முன்னெல்லாம் அரை மணி நேரம்தான், இப்ப நாப்பது நிமிஷம் ஆக்கிட்டாரு. மணி என்ன இப்போ? மூணு இருபத்தஞ்சா? அப்ப இன்னும் இருபது நிமிஷம் நான் வீட்டுப் பக்கம் போகக் கூடாது.

தம்பி, அந்தக் காலிங் பெல்லுல பன்னெண்டு சத்தம்னு போட்டிருக்கே, ஒவ்வொண்ணா அடிச்சுக் காட்டுங்களேன். இல்ல, வாங்கல. சும்மாதான்.